ஏரோபிக் நெல்: அடைமொழி யாருக்கு?

வயலைச் சேறாக்காமல், நீரைத் தேக்காமல், நேரடியாக விதைத்து, ஈரம் குறையும்போது மட்டும் பாசனம் கொடுத்து வளர்க்கும் நெல்லுக்கு ஏரோபிக் நெல் என்று பெயர். கோதுமைக்கு எப்படி நீர் விடுகிறார்களோ அப்படித்தான் இதற்கும்.

சொல்லின் வேர் கிரேக்கம்: ‘ஆயெர்’ காற்று, ‘பயோஸ்’ வாழ்வு. உயிர்வளியால் (ஆக்சிஜனால்) வாழும் நுண்ணுயிர்களையும் அது இல்லாமலே வாழ்பவற்றையும் பிரித்துக் காட்ட 1863-இல் லூயி பாஸ்டர் இதைப் பிரெஞ்சில் ஆக்கினார். பிறகு மண்ணியலுக்குப் போனது, உடற்பயிற்சிக் கூடத்துக்கும் போனது. நெல்லோடு சேர்ந்த பெயர் பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகள் வழியே பரவியது.

இந்தப் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில் வரும் குழப்பத்துக்குக் காரணம், இந்த அடைமொழி நெல்லுக்கு உரியதன்று, மண்ணுக்கு உரியது என்பதே. நீர் தேங்கினால் மண்ணிலுள்ள உயிர்வளி விரைவில் தீர்ந்துவிடும். அங்கும் நெல் பிழைப்பது, இலையிலிருந்து வேர்வரை காற்றைக் கடத்தும் திசு அதற்கு இருப்பதால். நீர் தேங்காத வயலில் மண்துளைகளிலேயே காற்று இருக்கும். ஆகவே ‘உயிர்வளி நெல்’ என்பது வெறும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. உயிர்வளி வேண்டாத நெல் எது?

‘மானாவாரி நெல்’ என்பதும் பொருந்தாது. வானவாரி என்பதன் திரிபாகக் கருதப்படும் அச்சொல் மழையை மட்டும் நம்பும் சாகுபடியைக் குறிக்கும். இதற்கோ பாசனம் உண்டு, உரம் உண்டு, நல்ல விளைச்சலுக்கென உருவாக்கிய ரகங்களும் உண்டு. ‘புழுதி விதைப்பு’ அழகான சொல். ‘தொடிப்புழுதி கஃசா உணக்கின்’ என்ற குறளில் வரும் அதே புழுதி. ஆனால் அது விதைக்கும் முறையோடு நின்றுவிடுகிறது. புழுதியில் விதைத்து, பின்னர் நீர் வந்ததும் தேக்கிவிடுவோரும் உண்டு.

வட சீனாவில் இவ்வகை ரகங்களை ‘ஹான் டாவ்’ என்கிறார்கள். வறள்நில நெல் என்று பொருள். நம்மிடமும் அப்படி ஒரு சொல் ஆயத்தமாகவே இருக்கிறது: புன்செய் நெல். நன்செய்யில் நீர் நிற்கும், புன்செய்யில் நிற்காது. மண்ணின் நிலை பெயரிலேயே வந்துவிடுகிறது. மழையை மட்டும் நம்பும் நெல்லிலிருந்து பிரித்துச் சொல்லவேண்டிய இடத்தில் ‘பாசனப் புன்செய் நெல்’ எனலாம். சற்று நீளம்தான், ஆனால் ஆய்வுக் கட்டுரை தாங்கும்.

இந்த நெல்லின் தொல்லைகளும் புன்செய்க்கே உரியவை. தேங்கிய நீர் அமுக்கி வைத்திருந்த களை இங்கே பயிரோடு போட்டியிட்டு எழும். சேற்றில் எளிதாகக் கரைந்து கிடைத்த இரும்புச்சத்து காற்றுள்ள மண்ணில் கரையாத வடிவுக்கு மாறுவதால் இளம் இலைகள் வெளிறலாம்.

நீர் சேமிக்கும் முறைகளையெல்லாம் ஏரோபிக் என்று எழுதுவதும் தவறு. ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறையில் வயல் சேறாக்கப்பட்டதுதான். நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. அளவுக்கு இறங்கியதும் மறுபடி நீர் கட்டுவார்கள். திருந்திய நெல் சாகுபடியோ இளநாற்றை இடைவெளி விட்டு நடும் முறை.