நியூயார்க் ஏன் வில்லனுக்குக் கைதட்டியது?

1996 நவம்பர் 17 இரவு, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், நல்லவர், வில்லன் என்று கதை எழுதி நடத்தும் அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப்-இன் சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சி நடக்கிறது. சாம்பியன் ஷான் மைக்கேல்ஸ், கதைப்படி நல்லவர். சிரித்த முகம், துறுதுறுவென்ற ஆட்டம். எதிரே சைக்கோ சிட்: ஆறடி ஒன்பது அங்குலம், சுருட்டை முடி, பைத்தியக்காரப் பார்வை. ஆட்டத்தின் நடுவே சிட் ஒரு டிவி கேமராவைப் பிடுங்கி, மைக்கேல்ஸின் வயதான குரு ஹோசே லொத்தாரியோவை இடிக்கிறார். பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறார். பதறிப்போய் அவரைப் பார்க்கப் போன மைக்கேல்ஸுக்கும் அதே கேமராவால் ஓர் அடி. அப்புறம் ஒரு பவர்பாம், அதாவது ஆளைத் தோள் உயரத்துக்குத் தூக்கி முதுகு பட அடிப்பது. பட்டம் கைமாறியது.

வயதானவரை அடித்து ஜெயித்தவரை அரங்கமே தூற்றியிருக்க வேண்டும். கார்டனோ கொண்டாடித் தீர்த்தது.

தொண்ணூறுகளின் ரசிகர்களிடம் சிட் பெயரை எடுத்தால் இரண்டு கட்சி உண்டு. ‘ஆளுக்கு நாலு பிடி ஒழுங்காகத் தெரியாது’ என்பது ஒன்று. ‘அவர் வந்தாலே அரங்கம் அதிருமே, அது உனக்குத் தெரியுமா’ என்பது இன்னொன்று. அந்தக் காலத்தில் நம் பள்ளிக்கூடப் பையன்கள் வைத்து விளையாடிய ட்ரம்ப் கார்டில் உயரம், எடை, கைச்சுற்றளவு எல்லாம் இருந்தன. கூட்டத்தின் சத்தத்துக்கு மட்டும் கட்டம் இல்லை. சிட்டின் உண்மையான மதிப்பெண் அந்த இல்லாத கட்டத்தில்தான் இருந்தது என்பது என் கட்சி. அந்தச் சத்தம் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் இது ஏன் என்று புரியும்.

முதலில் கண். சராசரிக் கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்க முடியும். 60 மீட்டர் தள்ளி மேல் அடுக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஏறக்குறைய 1.7 சென்டிமீட்டர். அதைவிடச் சிறிய எதுவும் அவருக்குக் கலங்கலாகத்தான் தெரியும். விரலை எப்படி முறுக்குகிறார், முகத்தில் வலியை எப்படிக் காட்டுகிறார் என்று டிவி பார்ப்பவர் ரசிக்கும் நுணுக்கம் பெரும்பாலும் அங்கே போய்ச் சேராது. சேர்வது உடம்பின் உருவமும் பெரிய அசைவும்தான். இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான மனிதர், கைகளை அகல விரித்து நிற்கிறார். ஓரத்தில் இருக்கும் ரசிகர்களின் முஷ்டியோடு தன் முஷ்டியை இடித்தபடி மெதுவாக நடந்து வருகிறார். எதிராளியைத் தோள் உயரத்துக்குத் தூக்கி முதுகு பட அடிக்கிறார். இதெல்லாம் கடைசி வரிசைக்கும் தெரியும். சிட்டின் சொத்து முழுக்க இந்த அளவில் இருந்தது.

அடுத்தது காது. இங்கேதான் வேடிக்கை. ஒருவர் கத்துவதோடு இன்னொருவரும் சேர்ந்தால் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்காது. சத்தத்தை அளக்கும் அலகான டெசிபெல் கணக்கில், ஆட்கள் இரட்டிப்பானால் 3 டெசிபெல்தான் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபெல் கூடும், அதைத்தான் நம் காது ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று எடுத்துக்கொள்கிறது. இதைத் திருப்பிப் பாருங்கள். 18,000 பேர் இருக்கும் அரங்கில் பாதிப்பேர் மட்டும் கத்தினாலும் முழு அரங்கம் கத்துவதைவிட 3 டெசிபெல்தான் குறையும். வீட்டில் டிவி பார்ப்பவருக்கு அந்த வித்தியாசம் லேசாகத்தான் தெரியும். ஆகவே ‘மொத்த கார்டனும் சிட் பக்கம்’ என்று நம் நினைவில் பதிந்திருப்பதை அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. பாதி அரங்கமே அந்த எண்ணத்தைத் தந்துவிடும்.

அந்த மற்றப் பாதி, பிடிக்காதவரைத் தூற்றும் ‘பூ’ (boo) என்று ஊளையிட்டிருந்தால் என்ன ஆகும்? அதிலும் சிட்டுக்குச் சாதகம். உதட்டைக் குவித்துச் சொல்லும் ‘ஊ’ ஒலியின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அலைவரிசையில் அடங்கிவிடும், வாய் குவிந்திருப்பதால் வெளியே வருவதும் குறைவு. வாயைப் பிளந்து கத்தும் ‘ஆ’, ‘யே’ எல்லாம் உயர்ந்த அலைவரிசை வரை ஏறும், கூடவே விசில் வேறு. மனிதக் காது கூர்மையாக இருப்பது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். ஒரே அளவு தொண்டையைக் கிழித்துக்கொண்டாலும் ஆரவாரம் ஊளையை அமுக்கிவிடும். கலவையான வரவேற்பு பதிவில் ஆரவாரமாகவே கேட்பதற்கு இது ஒரு காரணம்.

சரி, வில்லனுக்குக் கைதட்டும் துணிச்சல் முதலில் யாருக்கு வந்தது? சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978இல் ஒரு மாதிரியை முன்வைத்தார். கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாசல் எண் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘இத்தனை பேர் ஆரம்பித்தால் நானும் சேருவேன்’ என்பதே அந்த எண். நூறு பேரில் ஒருவருக்கு 0, அடுத்தவருக்கு 1, அதற்கடுத்தவருக்கு 2 என்று 99 வரை போனால், முதல் ஆள் தொடங்கியதும் நூறு பேரும் வரிசையாக இறங்கிவிடுவார்கள். இதில் 1 என்ற எண்ணுள்ளவரை மட்டும் எடுத்துவிட்டு, 2 என்ற எண்ணுள்ள இன்னொருவரை உட்கார வையுங்கள். முதல் ஆள் தனியாகக் கத்திவிட்டு அடங்கிவிடுவார். நூறில் ஒருவர் மாறியதற்கே விளைவு தலைகீழ். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்த இலையோடு எல்லோரும் உட்கார்ந்திருக்க, ஒருவர் எழுந்ததும் வரிசையே எழுவது இதே கணக்குதான்.

2013இல் வெளியான கைதட்டல் பற்றிய ஓர் ஆய்வும் இதை ஒட்டியே வருகிறது. ஒருவர் கைதட்டத் தொடங்குவது, அரங்கில் ஏற்கெனவே எத்தனை பேர் தட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பக்கத்து இருக்கைக்காரர் தட்டுகிறாரா என்பது அவ்வளவு முக்கியமில்லை. காதுக்கு வரும் மொத்தச் சத்தமே தூண்டுகோல். நான் மேலே சொன்னபடி அந்தச் சத்தமோ ஆரவாரத்தின் பக்கம் சாய்ந்தே வரும். கொஞ்சம் பேர் சிட்டுக்குக் கத்தினால், உள்ளதைவிட அதிகம் பேர் கத்துவதாக மற்றவர்களுக்குக் கேட்கும். அவர்களின் வாசலும் திறக்கும்.

நியூயார்க்கில் வாசல் எண் குறைந்த ஆட்கள் நிறைய இருந்தார்கள். மைக்கேல்ஸைக் குழந்தைகளின் செல்லமாக நிறுவனம் அந்த வருடம் முழுக்கத் திணித்ததில், இளைஞர்கள் பலருக்கு அவரைப் பார்த்தாலே சலிப்பு. இது வெறும் ஊகமில்லை என்பதற்கு ஒரு நல்ல ஒப்பீடு கிடைக்கிறது. இரண்டே மாதம் கழித்து, 1997 ஜனவரி 19 அன்று ராயல் ரம்பிளில் அதே இருவரும் அதே பட்டத்துக்கு மோதினார்கள். இடம் சான் அன்டோனியோவின் அலமோடோம், மைக்கேல்ஸின் சொந்த ஊர். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம் உள்ளூர்க்காரருக்குக் கத்தியது, பட்டமும் திரும்பி வந்தது. மாறியது உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

ஆனால் நியூயார்க் குசும்பு என்று மட்டும் சொல்லி சிட்டைத் தள்ளிவிட முடியாது. 1992 ஜனவரி 19, ஆல்பனி, அந்த வருட ராயல் ரம்பிள். பலர் மோதும் ஆட்டம், மேல் கயிற்றைத் தாண்டி வெளியே விழுந்தவர் அவுட், கடைசியில் மிஞ்சுபவருக்குப் பட்டம். கடைசிக் கட்டத்தில் சிட் பின்னாலிருந்து, நிறுவனத்தின் பெரிய நட்சத்திரமும் கதைப்படி நல்லவருமான ஹல்க் ஹோகனைத் தூக்கி வெளியே போட்டார். அப்போது சிட்டும் நல்லவர்தான். அரங்கம் ஆர்ப்பரித்தது. கோபித்துக்கொண்ட ஹோகன் கீழே நின்று சிட்டின் கையைப் பிடித்து இழுக்க, பின்னாலிருந்து ரிக் ஃப்ளேர் சிட்டைத் தள்ளிவிட்டுப் பட்டத்தை வென்றார். சின்னப்பிள்ளைத்தனமாக நடந்துகொண்ட ஹோகனைத்தான் கூட்டம் ஊளையிட்டது. பிறகு இந்தக் காட்சியை மறுபடி காட்டியபோது, சிட் துரோகம் செய்ததாகத் தொனிக்கும்படி வர்ணனையை மாற்றிவிட்டார்கள். ஒரு மனிதருக்குக் கிடைத்த கைதட்டலை ஒளிபரப்பில் திருத்த வேண்டி வந்தது என்றால், அதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தோன்றவில்லை.

இனி நினைவு. உளவியலாளர் டேனியல் கானெமனும் சக ஆய்வாளர்களும் 1993இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு தடவை 14 பாகை செல்சியஸ் குளிர்நீரில் 60 நொடி கையை வைக்க வேண்டும். இன்னொரு தடவை அதே 60 நொடியோடு மேலும் 30 நொடி, அந்த நேரத்தில் தண்ணீர் மெல்ல 15 பாகைக்கு ஏறும். எதை மறுபடி செய்கிறீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த அவதி அதில்தான் அதிகம், ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. ஓர் அனுபவத்தின் உச்சமும் முடிவும் மனதில் தங்குகின்றன, நீளம் கழன்றுவிடுகிறது.

சிட்டின் ஆட்டம் கிட்டத்தட்ட இந்த விதிக்கென்றே தைத்த சட்டை. வருகையில் ஓர் உச்சம், பவர்பாமில் ஒரு முடிவு. நடுவில் பத்து நிமிடம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நேரம் கடத்துவது நேரில் பார்த்தவருக்கு மறந்துபோகும். ஒளிநாடாவைப் போட்டு நிமிடம் நிமிடமாகப் பார்த்து நட்சத்திரம் கொடுத்த விமர்சகர் மட்டும் அந்தப் பத்து நிமிடத்தையும் எண்ணினார். அவர் கணக்கில் பிழையில்லை. அரங்கில் இருந்தவரின் மூளை வேறு கணக்குப் போட்டது, அவ்வளவுதான். அதோடு, பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவையே நடுவயதில் அதிகம் நினைவுக்கு வரும் என்பது உளவியலில் நன்கு நிறுவப்பட்ட விஷயம். 1996இல் பதினைந்து வயதாக இருந்தவர் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார்.

இதே விதி சிட்டுக்கு எதிராகவும் திரும்பியது. 2001 ஜனவரி 14, இண்டியானாபொலிஸ், போட்டி மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ-வின் ‘சின்’ நிகழ்ச்சி. கயிற்றின் மேலேறிக் குதிக்கும் வழக்கம் சிட்டுக்குக் கிடையாது. அன்று இரண்டாவது கயிற்றிலிருந்து குதித்தார். பெரிய உடம்பின் எடை முழுதும் ஒற்றைக் காலில் இறங்கி, முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. துண்டுத் துண்டு வீடியோவில் மல்யுத்தம் பார்க்கப் பழகிய தலைமுறைக்கு சிட் என்றால் பெரும்பாலும் அந்தச் சில நொடிகள்தான். 2024 ஆகஸ்டில் அவர் 63 வயதில் இறந்தபோது, கார்டனையும் ஆல்பனியையும் பார்த்திராதவர்களுக்கு அவரைப் பற்றிச் சட்டென்று ஞாபகம் வரக்கூடிய உச்சம் அந்தக் கால் முறிவாகவே இருந்திருக்கும். 1996 ஆட்டத்தை அவர்களுக்குப் போட்டுக் காட்டுவதாக இருந்தால் ஹெட்ஃபோனையும் கொடுங்கள். சிட் கேமராவைத் தூக்கும் இடத்தில் அடியில் ஓடும் ‘ஊ’வையும் அதன் மேல் ஏறும் ‘ஆ’வையும் பிரித்துக் கேட்கப் பார்க்கட்டும்.