ஒரு வரியில் மறுக்கப்படும் ஓய்வூதியம்: மனநோயால் படையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் மேல்முறையீடு

ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் முன்னாள் படைவீரர்களுக்காக வழக்காடத் தொடங்கியதிலிருந்து நான் மிக அதிகமாகப் படித்த ஆவணம் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16. நோயுற்ற வீரரைப் பணியிலிருந்து விடுவிக்கும்போது மருத்துவ வாரியம் நிரப்பும் படிவம் அது. நோயின் பெயர், அது தொடங்கிய நாள், இடம், இயலாமையின் விழுக்காடு ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். ஆனால் அந்த வீரருடைய குடும்பத்தின் எதிர்காலம், நோய் படைப்பணியால் வந்ததா, படைப்பணியால் முற்றியதா என்ற இரண்டு கேள்விகளில்தான் அடங்கியிருக்கிறது. இரண்டுக்கும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டால், முன்னாள் படைவீரர்கள் ‘என்.ஏ.என்.ஏ.’ என்று சொல்லும் வகைக்குள் அந்தக் கோப்பு போய்விடும். டிசபிலிட்டி பென்ஷன் எனப்படும் இயலாமை ஓய்வூதியம் மறுக்கப்படும்.

குண்டடி பட்டவருக்குக் காயமே சாட்சி. மனச்சிதைவு, இருதுருவ மனநிலைப் பிறழ்வு, கடும் மனச்சோர்வு போன்றவற்றுக்கு அப்படியொரு சாட்சி இல்லை. அதனால் ‘உடலமைப்பிலேயே உள்ள நோய், அமைதிப் பகுதியில் தொடங்கியது, பணியோடு தொடர்பில்லை’ என்ற ஒற்றை வரியோடு பல கோப்புகள் மூடப்படுகின்றன. நோயின் முதல் அறிகுறி தெரிந்த ஊரையே நோய் பிறந்த ஊராகக் கொள்வது சரியன்று. களப்பகுதியில் தூக்கமிழந்து நாட்களைக் கடத்தியவர், அமைதிப் பகுதிக்கு மாறிய பிறகு நிலைகுலைவதை நான் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன். கிளர்ச்சி ஒழிப்புப் பணியும் உயர்ந்த மலைப்பகுதிப் பணியும் மனநோயை முற்றச் செய்யக்கூடியவை என்பதை படை மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டியே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீரரின் மனைவி என்னைப் பார்க்க வந்தார். கணவர் எட்டாண்டுகள் பணியாற்றியவர். காஷ்மீரிலிருந்து அமைதிப் பகுதிக்கு மாற்றலான நான்காம் மாதம் மனநோய்ப் பிரிவில் சேர்க்கப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டார். பத்தாண்டுப் பணி நிறையாததால் அன்றைய விதிப்படி, பணியோடு தொடர்பில்லாத நோயால் வெளியேறுவோருக்கான இன்வேலிட் பென்ஷனும் இல்லை. பணிக்கொடை மட்டுமே கிடைத்தது. ஆங்கிலத்தில் வந்த மறுப்புக் கடிதத்தை ஒன்பது ஆண்டுகள் பீரோவில் வைத்திருந்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். “அப்பீல் போட்டா என்ன நோய்னு ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடும்னு பயந்துட்டோம் மேடம். நாத்தனாருக்கு வேற கல்யாணம் பேசிட்டிருந்தோம்” என்றார். அந்த அச்சத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலையைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியது என் கடமையாயிற்று.

இத்தகைய வழக்குகளில் ‘நோய் இருக்கிறது’ என்று நிறுவுவதற்கே பலர் வலிமையைச் செலவிடுகிறார்கள். நோயை வாரியமே ஒப்புக்கொண்டுவிட்டது. அது பணியோடு தொடர்பற்றது என்று சொன்னதற்குக் காரணம் காட்டியிருக்கிறதா என்பதே கேள்வி. 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் தகுதி விதிகளை ஆராய்ந்து, சேரும்போது நோய் எதுவும் பதிவாகாத வீரர் நல்ல உடல்நிலையுடனும் மனநிலையுடனும் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும், நிறுவும் பொறுப்பு அவருடையதன்று, ஐயத்தின் பயன் அவருக்கே சேரும் என்று கூறியது. முழு மருத்துவத் தகுதியைக் குறிக்கும் ஷேப்-1 வகையில் தேர்வாகிறவரின் ‘எஸ்’ என்ற முதல் எழுத்தே உளநிலையைக் குறிப்பதுதான் என்பதை நான் ஒவ்வொரு வழக்கிலும் நினைவூட்டுவேன்.

ஆயினும் வழி முழுவதும் சீராக இல்லை. 2019-இல் மனச்சிதைவு தொடர்பான ஒரு வழக்கில், இத்தகைய நோயைச் சேர்க்கையின்போது கண்டுபிடிக்க இயலாது என்றும், வாரியத்தின் கருத்துக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்றும் கூறி உச்ச நீதிமன்றம் ஓய்வூதியத்தை மறுத்தது. மனச்சிதைவால் வெளியேற்றப்பட்ட வேறொருவரின் வழக்கில், வாரியம் காரணம் கூறாததைச் சுட்டி 2025 மே மாதம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பணிச்சூழலின் அழுத்தத்தைத் தாள்களால் காட்டுவது எவ்வளவு இன்றியமையாதது என்பது விளங்கும்.

அந்தத் தாள்களில் முதன்மையானது, மனநோய் ஐயத்தில் மருத்துவமனைக்கு அனுப்பும்போது பிரிவின் கட்டளை அதிகாரி எழுதும் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-10 அறிக்கை. நான் சொன்ன வழக்கில், முன்பு நன்றாக வேலை செய்தவர் களப்பணிக்குப் பின் தூங்காமல் தனித்திருக்கத் தொடங்கினார் என்று அதில் இருந்தது. வாரியம் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த அறிக்கை கையில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மருத்துவ ஆவணங்கள் முழுவதையும், எந்த இடத்தில் எவ்வளவு காலம் பணியாற்றினார் என்ற விவரத்தையும் கேட்டுப் பெறுங்கள். விடுப்பில் வந்தபோது வீட்டில் கண்ட மாற்றங்களை ஆண்டு, மாதத்தோடு எழுதி வையுங்கள்.

இதைவிட எனக்கு வேதனை தருவது இன்னொரு வகை. குடி, விடுப்பு முடிந்தும் திரும்பாமை, மேலதிகாரியிடம் சீற்றம் ஆகியவற்றுக்காக நான்கு சிவப்பு மை பதிவுகள் (பணிப் பதிவேட்டில் சிவப்பு மையால் குறிக்கப்படும் தண்டனைகள்) பெற்று, ‘விரும்பத்தகாத வீரர்’ என்று அனுப்பப்படுகிறவர்கள். இவர்களில் சிலர் நோயாளிகள். ஆனால் இவர்கள் மருத்துவ வாரியத்தின் முன் நிறுத்தப்படுவதே இல்லை. நான்கு பதிவுகள் இருக்கின்றன என்பதற்காக மட்டும் இயந்திரம்போல வெளியேற்றக் கூடாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. தண்டனைகளுக்கு முன்போ இடையிலோ மனநல மருத்துவம் பெற்றிருந்தால், அந்த வெளியேற்றத்தையே கேள்விக்குள்ளாக்க முடியும்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மறுப்புக் கடிதம் கிடைத்த ஆறு மாதங்களுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் தள்ளுபடியானால் இரண்டாவது மேல்முறையீடு, அதன் பின் தீர்ப்பாயம். மேல்முறையீட்டுக்கு ஆறு மாதங்களாக விடையே வராவிட்டாலும் தீர்ப்பாயத்தை அணுகலாம். இயலாமை பொதுவாக 20 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஆனால் நோயால் இடையில் வெளியேற்றப்பட்டவரின் இயலாமை 20-க்கு மேற்பட்டது என்றே கொள்ள வேண்டும் என 2014-இல் ஒரு தீர்ப்பு உண்டு. ஆகவே ‘15 விழுக்காடு’ என்ற எண்ணைக் கண்டு திரும்பிவிடாதீர்கள். 2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால், அதன் பின் வெளியேறியோருக்குப் பழைய தீர்ப்புகள் அப்படியே பொருந்தும் என்று எண்ணக் கூடாது.

காலம் கடந்துவிட்டதே என்று வருந்துவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் பாதிப்பு என்பதால் தாமதம் மட்டுமே கதவை அடைத்துவிடாது. எனினும் 2008-ஆம் ஆண்டின் தர்செம் சிங் தீர்ப்பைப் பின்பற்றி, நிலுவைத் தொகை வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே பொதுவாக வழங்கப்படுகிறது. பீரோவில் கடிதத்தை வைத்திருந்த அந்தக் குடும்பத்துக்கு ஓய்வூதியம் கிடைத்தது; ஒன்பது ஆண்டுகளில் ஆறு ஆண்டுகளின் தொகை கிடைக்கவில்லை.