பிள்ளை வெருகலில், வேலை நிலாவெளியில்

வேலை தேடி வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது ஓ.எல். பெறுபேற்றை அல்ல. "ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்பேன். தொழில் வழிகாட்டலில் இருக்கும் எனக்கு இதைக் கற்றுத் தந்தது வெருகல் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி. பேக்கரி வேலை பழக ஆசைப்பட்டு வந்தாள். பயிற்சி திருகோணமலை நகரில். வகுப்பு முடிந்து வீடு போய்ச் சேர இருட்டிவிடும். இரண்டாம் மாதமே நின்றுவிட்டாள். அதே சீசனில் நிலாவெளி ஹோட்டல் ஒன்று பேக்கரிக்கு ஆள் இருக்கிறதா என்று என்னிடமே கேட்டது. அன்று முழுக்க எனக்கு மனசு சரியில்லை.

அவளுடைய வீடு வெருகல் பிரதேச சபைக்குள் வருகிறது. பயிற்சி நகரத்தில். நிலாவெளியோ குச்சவெளி பிரதேச சபைக்குரியது. நம் திருகோணமலை மாவட்டத்தில் 13 உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன. ஒரு சபையின் எல்லைக்குள் என்ன வேலை இருக்கிறது என்பது அடுத்த சபைக்குத் தெரிவதில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் படகுக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. தகவல் மட்டும் இன்னும் அக்கரையிலேயே நிற்கிறது.

தொழிற்பயிற்சி எங்கள் பொறுப்பில்லை, அதற்குத் தனி அதிகார சபைகள் இருக்கின்றன என்று சபைகளில் சொல்வார்கள். சரிதான். ஆனால் ஹோட்டல், பேக்கரி, வாகனம் திருத்தும் கராஜ் போன்றவற்றுக்கு ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் கொடுப்பது யார்? சபைதானே. மாவட்டத்தில் யார் யாருக்கு ஆள் தேவைப்படலாம் என்பதற்கு அந்தப் பதிவேட்டைவிட நல்ல பட்டியல் வேறெங்கும் கிடையாது. அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வருபவரிடம் "இந்த வருடம் எத்தனை பேர் தேவை, எந்த வேலைக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும். பக்கத்துப் பக்கத்துச் சபைகள் அதைத் தங்களுக்குள் பகிர்ந்து, நூலகங்களிலும் சனசமூக நிலையங்களிலும் ஒட்டிவிடலாம். இதற்குப் பெரிய பணமும் தேவையில்லை.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் 10 உள்ளூராட்சி சபைகள் 2011இல் ஒரே கூட்டு அதிகார சபையாக இணைந்தன. நீண்டகாலம் வேலையில்லாமல் இருந்தவர்களுக்காக 2014இல் அவை தொடங்கிய திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆலோசகர். உடல்நலமோ கடனோ வீடோ, எது தடையாக இருந்தாலும் அவரே உரிய இடத்தோடு பேசுவார். அவர்களின் நிதியும் அதிகாரமும் நமக்கில்லை. ஆனாலும் ஒரு பிள்ளையை ஆறு கதவு தட்ட விடாமல் ஒருவரே கூடப்போவது இங்கும் முடியும்.

நாட்காட்டியையும் சேர்ந்துதான் போடவேண்டும். உப்புவெளி, நிலாவெளி சீசன் ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. மாரியில் ஹோட்டல்கள் வெறிச்சோடிக் கிடக்கும். பயிற்சி நடத்த அதுதான் நல்ல காலம். ஏப்ரலில் சான்றிதழ் கையில் இருந்தால் மே மாதம் வேலைக்குப் போகலாம். ஜூனில் தொடங்கும் பயிற்சியால் அந்த வருடச் சீசன் கைவிட்டுப் போகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். "மிஸ், எனக்கு வேலை தெரியும், பேப்பர்தான் இல்லை" என்றார் மூதூரிலிருந்து வந்த மேசன் தம்பி ஒருவர். பத்து வருட அனுபவம். அவர் மறுபடி வகுப்பில் உட்காரவேண்டியதில்லை. செய்த வேலைகளின் படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள் ஆகியவற்றோடு போனால், செய்முறைப் பரீட்சை வைத்து என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் வழி இருக்கிறது. முன்பே கற்றதை அங்கீகரிக்கும் இந்த முறையை ஆர்.பி.எல். என்பார்கள். தேர்ந்த தொழிலாளிக்கு 4ஆம் மட்டம் வரை கிடைக்கலாம். இது தெரியாமலே எத்தனை மேசன்மார், வயரிங் வேலை செய்பவர்கள் உதவியாள் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள்! ஒரு சபையில் இப்படி நாலைந்து பேர்தான் இருக்கலாம். மூதூர், கிண்ணியா, வெருகல், தம்பலகாமம் நான்கும் பெயர்களைச் சேர்த்துக் கொடுத்தால், மதிப்பீட்டாளரை மூதூருக்கே வரவழைத்து ஒரே நாளில் முடிக்கக் கேட்கலாம். அந்தப் பெயர்ப்பட்டியலை எடுக்க வட்டாரத்தில் வீடு வீடாகத் தெரிந்த சபை உறுப்பினரைவிடப் பொருத்தமானவர் யார்?