நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வரும் தாய்மார்

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றம் நெருங்கினால், வெளிநாட்டிலிருந்து வந்த தாய்மார் என் உளவளத்துணை அறையைத் தேடி வரத் தொடங்கிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அப்போதுதான் விடுமுறை. திருவிழாவும் 25 நாள். "இவனோடு ஒருமுறை கதைத்துப் பாருங்கள்" என்பார்கள். பத்து நிமிடத்தில் அழுவது தாய்தான்.

பலரது கதைகளைச் சேர்த்தே இதை எழுதுகிறேன். நோர்வேயில் வாழும் ஒரு தாய். பிள்ளையை அடிப்பது அங்கே 1987 முதல் சட்டப்படி தடை. பிள்ளைக்குக் காரணம் சொல்லி வளர்க்க அவர் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டார். இங்கே வந்ததும் பத்து வயது மகன் அம்மம்மாவிடம் "ஏன்?" என்று கேட்கிறான். "வாய் காட்டுகிறான், இரண்டு போட்டு வளர்த்திருக்க வேண்டும்" என்கிறார் அம்மம்மா. புட்டைக் கையால் குழைக்கத் தெரியவில்லை, தமிழில் கேட்டால் நோர்வே மொழியில் பதில். எல்லாவற்றுக்கும் பார்வை தாய்மீதுதான். அங்கே அதட்டிவிட்டால் இரவெல்லாம் குற்றவுணர்வு; இங்கே அதட்டவில்லை என்று குற்றவுணர்வு.

நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். ஐந்து வயதில் உங்களுக்குக் கிணற்றடியில் குளிக்க வார்த்தது யார்? சின்னம்மா. சோறு தீத்தியது? அம்மம்மா. பாடசாலைக்குச் சைக்கிளில் ஏற்றிப்போனது மாமா. நித்திரை பாதி நாள் பெரியம்மா வீட்டில். அம்மாவின் பெயர் வர நெடுநேரம் ஆனது. அதற்காக அந்த அம்மாவை யாரும் குறை சொன்னதில்லை. மூன்றரை மணிக்கே இருண்டுவிடும் மார்கழியில், வேலை முடிந்து ஓடிவந்து, அத்தனை பேரின் வேலையையும் இந்தப் பெண் தனியாகச் செய்கிறார்.

அம்மம்மாவையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1995 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது, பிள்ளையைப் பக்கத்துப் பகுதியான தென்மராட்சிக்கு உயிரோடு கொண்டு சேர்ப்பதே வளர்ப்பாக இருந்தது. அந்த அதட்டலும் அடியும் பயத்தில் பிறந்தவை. அதற்காக இன்றும் அடி வேண்டும் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

அம்மம்மாமாரிடம் ஒரு வேண்டுகோள். "தமிழ் தெரியாதா?" என்று ஆட்கள் முன் கேட்காதீர்கள், பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். இங்குள்ள திருநெல்வேலிச் சந்தைக்குக் கூட்டிப்போய்க் கத்தரிக்காய் விலை கேட்கச் சொல்லுங்கள்.

தாய்மாருக்கு: நித்திரையின்மையும் அழுகையும் எதிலும் விருப்பமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதைக் குற்றவுணர்வு என்று ஒதுக்கிவிடாதீர்கள். இலங்கையில் நிற்கும்வரை 1926 என்ற மனநல உதவி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். திரும்பிப் போனதும் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.