ஒட்டிய வரிகளுக்கு நிறம் எங்கிருந்து வருகிறது?

சுங்கை சிப்புட்டில் நாங்கள் நடத்தும் கணினி வகுப்புக்குத் தோட்டத்துப் பிள்ளைகள்தான் அதிகம் வருகிறார்கள். பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு, டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து விடை பார்க்கும் திரை) வருவதை வகுப்பின் பொதுக் குறிப்பேட்டில் ஒட்டி வைப்பார்கள். ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி கேட்டாள்: "அண்ணே, பாதிக்குக் கீழ எல்லாம் சிவப்பா இருக்கே, அவ்வளவும் எரரா?"

இல்லை. அந்தச் சிவப்பு அவள் டெர்மினலிலிருந்து வந்ததே அல்ல.

டெர்மினலில் நிறம் என்பது எழுத்துகளோடு சேர்ந்து வரும் கட்டளை. 27 என்ற எண் கொண்ட எஸ்கேப் குறி, ஒரு சதுர அடைப்புக்குறி, 31, கடைசியில் 'எம்' என்ற ஆங்கில எழுத்து. இவை வந்தால் அடுத்து வருவதெல்லாம் சிவப்பு. 31க்குப் பதில் 0 வந்தால் பழைய நிறம். டெர்மினல் இந்தக் கட்டளையைச் செய்துவிட்டு விழுங்கிவிடும். நகலெடுக்கும்போது பெரும்பாலும் வெறும் எழுத்துதான் கிடைக்கும்.

ஒட்டிய இடத்தில் வேறொரு நிரல் புதிதாக நிறம் பூசுகிறது. இவான் சகலாயேவ் 2006இல் தொடங்கிய ஹைலைட்.ஜேஎஸ் அவற்றில் ஒன்று. மொழியை நாம் சொல்லாவிட்டால், தனக்குத் தெரிந்த ஒவ்வொரு நிரல்மொழியின் இலக்கணத்தையும் உரைமேல் ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போடும். ஒரு மொழியில் வரவே கூடாத வடிவம் தென்பட்டால் அந்த மொழியை அங்கேயே தள்ளிவிடும். இஃப், ஃபார் போன்ற பொதுச் சொற்களுக்கு மதிப்பெண் கிடையாது, நல்ல யோசனைதான். அதிக மதிப்பெண் பெற்ற மொழியின்படி நிறம் விழும்.

ஆனால் டெர்மினல் வெளியீடு எந்த நிரல்மொழியும் அல்லவே! நம் கடைத்தெருப் பேச்சில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலப்பதுபோல், அதில் கட்டளை, கோப்புப் பெயர், ஆங்கில வாக்கியம் எல்லாம் கலந்திருக்கும். பாஷ் (டெர்மினல் கட்டளைகளுக்கான மொழி) என்று முடிவானால் வம்பு. பிழைச்செய்தியில், 'முடியாது' என்று பொருள்படும் 'கான்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவே ஒற்றை மேற்கோள் குறி இருக்கிறது. பாஷில் அது ஒரு சரத்தின், அதாவது மேற்கோளுக்குள் வரும் எழுத்துத்தொடரின், தொடக்கம். அடுத்த மேற்கோள் வரும்வரை, வரிகள் தாண்டினாலும், எல்லாம் ஒரே சரம். எங்கள் குறிப்பேட்டில் சரத்துக்குச் சிவப்பு. ரூட் பயனர் (முழு அதிகாரம் கொண்ட நிர்வாகி) தட்டும் கட்டளைக்கு முன் டெர்மினல் காட்டும் # குறியோ, கட்டளையாக ஓடாத குறிப்புரையின் தொடக்கம் ஆகிவிடும். முக்கியமான கட்டளையே சாம்பல் நிறத்தில் மங்கிப்போகும். உதவ வருபவரின் கண்ணும் அதைத் தாண்டிப் போய்விடும், அதுதான் என் கவலை.

மார்க்டவுனில் (எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் முறை) நிரல் பகுதியின் தொடக்கத்தில் போடும் மூன்று பேக்டிக் (சாய்ந்த மேற்கோள்) குறிகளை ஒட்டி ஆங்கிலத்தில் 'டெக்ஸ்ட்' என்று எழுதினால் ஊகமே நடக்காது. 'கன்சோல்' என்று எழுதினால் $ குறிக்குப் பின் வரும் கட்டளையை மட்டும் தனியாகக் காட்டும். நிறத்தோடு கோப்பில் சேமிக்க வேண்டுமா? கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையிடம் கலர் தேர்வை 'ஆல்வேஸ்' என்று கொடுங்கள். 'ஆட்டோ'வில் இருந்தால், வெளியீடு டெர்மினலுக்குப் போகவில்லை என்று தெரிந்ததும் அது நிறத்தை விட்டுவிடும்.