புது மிஷின் என்றதும் சார்ட்டிங் அறை ஏன் அமைதியாகிறது?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். தூளிலிருந்து நாரையும் குச்சியையும் பிரிக்க அங்கே கலர் சார்ட்டர் வாங்கினார்கள். ஓடும் தூளைக் கேமரா பார்க்கும், நிறம் மாறித் தெரிவதைக் காற்று ஊதித் தள்ளிவிடும். மிஷின் வந்து இறங்க இரண்டு நாள் இருக்கும்போது முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஆளுங்க டல்லா இருக்காங்க சார். உற்சாகமா நாலு வார்த்தை பேசிட்டுப் போங்க."

போய்ப் பேசினேன். மாற்றம் ஒன்றே மாறாதது என்று ஆரம்பித்து நாற்பது நிமிடம். நன்றாகவே கைதட்டினார்கள். டீயும் வர்க்கியும் சாப்பிட்டுவிட்டு மலை இறங்கினேன். அடுத்த வாரம் சார்ட்டிங் அறையில் இருந்த ஆறு பெண்களில் இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. மற்ற நால்வரும் மிஷின் பக்கமே போகவில்லை. பிறகொரு நாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது அவர்களில் ஒரு அக்கா சொன்னார்: "நீங்க நல்லாத்தான் பேசுனீங்க சார். எங்க சம்பளம் என்னாகும்னுதான் ஒரு வார்த்தை சொல்லல."

பல வருடமாக இந்த மலையில் மனிதவள வேலை பார்க்கிறேன். அந்தப் பஸ் ஸ்டாண்டு பேச்சுக்குப் பிறகு, "வந்து உற்சாகப்படுத்துங்க" என்ற அழைப்பை நான் ஏற்பதில்லை. ஊக்கப் பேச்சு, கேக் வெட்டுவது, பிளாஸ்க் பரிசு எல்லாம் நல்ல நாளில் சரி. கிலியில் இருப்பவரிடம் அவற்றை நீட்டினால், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

அந்தக் கிலிக்கு இங்கே பழைய வேர் உண்டு. நீலகிரித் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களில் பல பேருடைய தாத்தா பாட்டி, 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பல் ஏறி வந்தவர்கள். எங்கேயோ யாரோ கையெழுத்துப் போட, இவர்கள் மூட்டை கட்டினார்கள். அந்த வீட்டுப் பிள்ளையிடம் மேனேஜர் வந்து "ஒரு மாற்றம் வரப்போகுது" என்றால் காதில் எப்படி விழும்? ஊட்டிக்காரர்களுக்கு வேறொரு கதை இருக்கிறது. ஊரின் பெருமையாக இருந்த பிலிம் தொழிற்சாலை, டிஜிட்டல் கேமரா காலத்தில் படுத்துப்போனதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். புதுத் தொழில்நுட்பம் வேலையை எடுத்துக்கொள்ளும் என்று சொல்பவரைப் பிற்போக்கு என்று தள்ளிவிட முடியாது. அவர் பக்கத்து ஊர் நடப்பைச் சொல்கிறார்.

ஆகவே முதலில் பதில் சொல்ல வேண்டியது கூலிக்கு. கையால் கொழுந்து பறித்தவர் கத்திரிக்கோ மிஷினுக்கோ மாறும்போது முதல் சில வாரம் எடை தடுமாறும். முற்றிய இலையும் காம்பும் சேர்ந்து வர, தொழிற்சாலையில் கழித்துவிடுவார்கள். கூடுதல் கிலோவுக்கு வரும் காசை நம்பிச் சீட்டுக் கட்டுகிறவருக்கு இது சின்ன விஷயமா? பழகும் காலம் முழுக்க, முந்தைய மூன்று மாதச் சராசரிக்குக் குறையாமல் தருகிறோம் என்று எழுதி மஸ்டர், அதாவது வருகைப் பதிவு, எடுக்கும் இடத்தில் ஒட்டுங்கள். வாயால் சொன்னது வரிசையின் கடைசி ஆளிடம் போய்ச் சேர்வதற்குள் வேறு செய்தியாகிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் பார்த்த தோட்டங்களில் மிஷின் வந்ததும் அதை ஆண்கள் கையில் கொடுத்துவிட்டு, இருபது வருடம் பறித்த பெண்களை மூட்டை தூக்க விட்டார்கள். பிறகு "பெண்களுக்கு ஆர்வமில்லை" என்று அறிக்கை வேறு.

கூலிக்குப் பதில் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. ஒரு டீமேக்கர் அண்ணன் எனக்கு அதைப் புரியவைத்தார். வாடிய இலையைக் கையில் அமுக்கிப் பிடித்து விட்டால் அது விரிகிற விதத்திலேயே வாடல் போதுமா என்று சொல்லிவிடுவார். நொதிக்கும் இலையை முகர்ந்து, செம்பு நிறம் ஏறுவதைப் பார்த்துத்தான் டிரையருக்கு அனுப்பச் சொல்வார். மூட்டம் போட்ட நாளில் வாடல் இழுத்துக்கொண்டே போகும், வெயிலில் சட்டென்று முடியும். அந்தக் கணக்கெல்லாம் அவர் விரலிலும் மூக்கிலும் இருந்தது. தொழிற்சாலையில் சென்சாரும் திரையும் வந்தன. அவர் சம்பளம் குறையவில்லை, பதவியும் போகவில்லை. ஆனாலும் அடிக்கடி லீவு போட்டார், எரிந்து விழுந்தார். "இவருக்கு என்ன குறை?" என்று நிர்வாகம் என்னிடம் கேட்டது.

ஒரு ஷிஃப்ட் முழுக்க அவர் பக்கத்தில் நின்று பார்த்ததில் விஷயம் புரிந்தது. அதுவரை எல்லாரும் அவரிடம் வந்து, "அண்ணே, அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். இப்போது எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். மூக்கும் விரலும் இருந்த மனிதர் ஒரே வாரத்தில் கத்துக்குட்டியாகிவிட்டார், அதுவும் டிப்ளமோ முடித்து வந்த பையன் முன்னால்.

அவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்தோம். இரண்டு வாரம் அவர் மூக்கு சொல்வதையும் திரை சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொன்னோம். மூட்டமான நாட்களில் இரண்டும் ஒத்துப்போகவே இல்லை. மிஷின் விற்றவர்கள் வைத்துக் கொடுத்த அளவுகள் வேறு எந்தச் சீதோஷ்ணத்துக்கோ போட்டவை. அவர் நோட்டை வைத்து அளவுகளை மாற்றினோம். இன்றும் அவர் அதை "அந்தப் பொட்டி" என்றுதான் சொல்வார். ஆனால் லீவு நின்றது.

இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது, பழசுதான். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஹார்வுட் என்ற பைஜாமா ஆலையில் லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் செய்தது, 1948இல் வெளியானது. அங்கேயும் செய்து முடித்த எண்ணிக்கைக்குத் தக்க பீஸ் ரேட் கூலி, வேலை முறை மாறினால் வருமானம் சரியும். ஒரு குழுவிடம் மாற்றத்தை அறிவித்து, காரணத்தை விளக்கினார்கள், அதோடு சரி. அதில் 17 சதவீதம் பேர் முதல் 40 நாளிலேயே வேலையை விட்டார்கள், உற்பத்தியும் மீளவில்லை. புது முறையை வகுப்பதில் எல்லாரையும் உட்காரவைத்த குழுக்களில் அந்த 40 நாளில் ஒருவரும் விலகவில்லை. உற்பத்தி பழைய அளவையும் தாண்டியது. கோத்தகிரியில் நான் பேசிய நாற்பது நிமிடம் முதல் குழுவுக்குப் பேசிய பேச்சு.

சட்டமும் உங்களுக்கு அவகாசம் தருகிறது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம், கூலி, ஷிஃப்ட், ஆள்குறைப்புக்கு வழிவகுக்கும் இயந்திரமயம் போன்ற மாற்றங்களுக்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றது. அதற்குப் பதிலாக வந்த புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்த ஏற்பாடு இருக்கிறது. பல இடங்களில் அதை நோட்டீஸ் பலகையில் ஒரு தாளாக ஒட்டிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். நான் அந்த 21 நாளை, கேள்வி கேட்கவிட்டுக் குறித்துக்கொள்ளும் நாட்களாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். அப்புறம் காலமும் பார்க்க வேண்டும். கொழுந்து வரத்து கொட்டும் மாதத்தில் புது மிஷினைப் பழகச் சொல்வது அநியாயம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து வரத்து குறையும்போது செய்தால், தப்பு செய்து கற்றுக்கொள்ள நேரம் கிடைக்கும்.

போன குளிர்காலத்தில் இன்னொரு தொழிற்சாலை, அதே கலர் சார்ட்டர். இந்த முறை நான் பேசவில்லை. மேனேஜரை ஒரு ஸ்டூல் போட்டுச் சார்ட்டிங் அறையிலேயே உட்காரவைத்தோம், கையில் பேனா. கூலி பற்றிய தாளை முதலில் படித்தார். கொஞ்ச நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு அக்கா கேட்டார்: "மழைக்காலத்துல மரம் விழுந்து கரண்ட் போயிரும். ஜெனரேட்டர் இந்த மிஷினைத் தாங்குமா சார்?"

மேனேஜர் எலெக்ட்ரீஷியனைப் பார்த்தார். எலெக்ட்ரீஷியன் கூரையைப் பார்த்தார். பழைய சல்லடைகளை விற்க வேண்டாம் என்று அன்றைக்கே முடிவானது. அந்த அக்காதான் இப்போது மிஷினில் முதல் ஷிஃப்ட்.