வீட்டில் பீட்சா அடுப்பு கட்டப் போகிறீர்களா? மொசைக்கை அப்புறம் பார்க்கலாம்

கோவையைச் சுற்றி வீடு கட்டித் தரும் தொழிலில் இருக்கிறேன். இப்போதெல்லாம் தோட்டத்தோடு வீடு கட்டுபவர்கள் பலர், வரைபடத்தின் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டு "இங்கே ஒரு பீட்சா அடுப்பு" என்கிறார்கள். நல்ல ஆசைதான். வார இறுதியில் குடும்பம் முழுக்க வெளியே உட்கார்ந்து சமைத்துச் சாப்பிட அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் பேச்சு எப்போதும் அடுப்பின் மேல் ஒட்டப்போகும் மொசைக்கில்தான் தொடங்குகிறது. அவர்களிடம் நான் முதலில் கேட்பது, மாதத்தில் எத்தனை நாள் எரிப்பீர்கள் என்பதைத்தான்.

இந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் விறகு அடுப்பு கட்டத் தெரிந்த கொத்தனார்கள் பெரும்பாலும் பேக்கரி அடுப்பில் பழகியவர்கள். கேரள எல்லைப் பக்கம் போர்மா என்பார்களே, அந்த வகை. அதன் சுவர் கனமாக இருப்பது சரியே. தினமும் எரிவதால் அது முழுவதும் ஆறுவதே இல்லை. நேற்றைய சூடு இன்றைக்கும் உதவும். மாதம் இரண்டு முறை எரியும் வீட்டு அடுப்போ ஒவ்வொரு முறையும் குளிர்ந்த நிலையிலிருந்துதான் தொடங்குகிறது. அதையும் ஒன்பது அங்குலச் சுவராகக் கட்டிவிட்டால், மூன்று நான்கு மணி நேரம் விறகு போட்டும் பீட்சா வைக்கும் தளம் சூடேறாது. பிள்ளைகள் பசியில் தூங்கிப்போவார்கள். இரண்டு முறை இப்படி ஆனால் மூன்றாவது முறை யாரும் அடுப்பைப் பற்ற வைக்கமாட்டார்கள். வீட்டுக்கு நாலரை அங்குல ஃபயர் பிரிக் (கடும் சூட்டைத் தாங்கும் செங்கல்) சுவரே போதும். அதைச் சுற்றி நல்ல வெப்பக் காப்பு இருந்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் தயாராகிவிடும்.

வெப்பக் காப்பில்தான் எல்லோரும் காசை மிச்சம் பிடிக்கிறார்கள், ஏனென்றால் அது வெளியே தெரியாது. தளத்துச் செங்கலுக்கு அடியில் குறைந்தது 5 செ.மீ. கால்சியம் சிலிகேட் பலகை வேண்டும். குவிமாடத்தின் மேல் செராமிக் ஃபைபர் கம்பளி மூன்று சுற்று, அதாவது 7.5 செ.மீ. அதற்கு மேல் வெர்மிகுலைட் அல்லது பெர்லைட் என்ற, சூட்டை எளிதில் கடத்தாத லேசான கனிமத் துகள் கலந்த பூச்சு. அடியில் பலகை இல்லாமல் காங்கிரீட் மேலேயே செங்கலைப் பரப்பினால், சூட்டை சிலாப் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே சீஸ் கருகும், அடியில் மாவு பச்சையாக இருக்கும். நேப்பிள்ஸ் பாணி பீட்சா 60 முதல் 90 விநாடியில் வெந்துவிடும் என்று ஆசையோடு சொல்கிறோம். அதற்கு அடுப்பு 400 டிகிரி செல்சியஸைத் தாண்டி, அங்கேயே நிற்க வேண்டும். காப்பு இல்லாமல் அது நடக்காது. பலகைக்குப் பதிலாக ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை வெட்டிப் போடலாம் என்று யாராவது சொன்னால் கட்டாயம் மறுத்துவிடுங்கள். அதன் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். செராமிக் கம்பளியை வெட்டும்போதும் முகக்கவசம் வேண்டும். அது மேல்பூச்சுக்குள் முழுவதும் மூடியிருக்க வேண்டும்.

கட்டித் தருபவர் ஏற்கெனவே கட்டிய அடுப்பைக் காட்டினால் ஒரு மணி நேரம் எரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது வெளிச்சுவரில் தாராளமாகக் கை வைக்க முடிய வேண்டும். அப்படி வைக்க முடியவில்லை என்றால் வெப்பக் காப்பு போதவில்லை.

இனி, நான் அதிகம் சண்டை போடும் விஷயம்: மொட்டை மாடி.

ஒரு சாதாரண அடுப்பை எடுத்துக்கொள்வோம், உள்விட்டம் 80 செ.மீ. குவிமாடத்துக்கும் தளத்துக்கும் போகும் ஃபயர் பிரிக் மட்டும் சுமார் 450 கிலோ. அதைத் தாங்க 1.4 மீட்டர் சதுரத்தில் 10 செ.மீ. கனமுள்ள காங்கிரீட் சிலாப் போட்டால் இன்னொரு 500 கிலோ. இடுப்பு உயரத்துக்கு மூன்று பக்கமும் ஹாலோ பிளாக் சுவர் எழுப்பினால் அதுவே ஒரு டன் பக்கம் வரும். மொத்தம் 2 டன், நிற்கும் இடமோ 2 சதுர மீட்டர். அதாவது சதுர மீட்டருக்கு ஒரு டன். ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு, கட்டடச் சுமைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், ஏறத்தாழ 150 கிலோ. ஆறேழு மடங்கைத் தூக்கி ஒரே மூலையில் வைக்கிறோம்.

"விசேஷத்துக்கு ஐம்பது பேர் மாடியில் நின்றார்களே சார், ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். அந்த ஐம்பது பேரும் மாடி முழுக்கப் பரவி நின்றார்கள், சாப்பிட்டதும் இறங்கிவிட்டார்கள். அடுப்பு இறங்காது. நிரந்தரச் சுமையில் காங்கிரீட் வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தாழும். முதலில் மாடித் தட்டோட்டில் மயிரிழை விரிசல், அதன் வழியே மழைநீர், பிறகு கம்பியில் துரு. கீழே அறையின் கூரைப் பூச்சு உதிரும்போதுதான் நமக்குத் தெரியும். தூண்களுக்கும் உத்திரங்களுக்கும் நேர் மேலே, கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் பார்த்துக் கொடுத்தால் கட்டலாம். வீடு கட்டும் முன்பே சொல்லிவிட்டால் அதற்கு வழி உண்டு. கட்டி முடிந்த வீட்டின் மாடியில், அதிலும் சுவரைத் தாண்டி நீட்டிய பால்கனியில், வேண்டவே வேண்டாம். அங்கே ஆசை விடவில்லை என்றால் 20, 30 கிலோவில் தூக்கி வைக்கும் எரிவாயு அடுப்பு வாங்குங்கள். அதிலும் நல்ல பீட்சா வரும். அதுவும் திறந்த வெளியில்தான். கண்ணாடி போட்டு மூடிய பால்கனியில் கார்பன் மோனாக்சைடு தேங்கும்.

தரையிலும் தனி அஸ்திவாரம் வேண்டும். கோவையில் பல இடங்களில் கரிசல் மண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அந்த மண்ணை எடுத்துவிட்டு கிராவல் நிரப்பி, திமிசு போட்ட பிறகே காங்கிரீட். வீட்டுச் சுவரோடும் காம்பவுண்டோடும் அடுப்பை இணைக்காதீர்கள். இரண்டும் வெவ்வேறு அளவில் இறங்கும், இணைப்பில் வெடிப்பு விழும். அடுப்பின் வாய் மேற்கு பார்க்கவும் வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக உள்ளே புகுந்து, புகையைச் சமைப்பவர் முகத்தில் அடிக்கும். சென்னைக் கடற்கரைச் சாலையில் மாலையில் கிழக்கிலிருந்து கடற்காற்று வரும் என்பதால், மேற்குப் பக்கத்து வீட்டின் ஜன்னல் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

செங்கல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய உலைகளை இடித்த செங்கல் மலிவாகக் கிடைக்கிறது. அது எந்த உலையில், எதை உருக்கிய செங்கல் என்று யாருக்கும் தெரியாது. மேக்னசைட்-குரோம் வகையாக இருந்தால் நச்சுத்தன்மை கொண்ட குரோமியம் அதில் இருக்கலாம். சாப்பாடு நேரடியாகப் படும் தளத்துக்குப் புதிய ஃபயர் பிரிக் மட்டுமே. தளத்துக்கு கிரானைட் போடலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம், அதிலுள்ள குவார்ட்ஸ் கடும் சூட்டில் விரிந்து கல் தெறிக்கும். சாதாரண சிமென்ட் கலவையும் 300 டிகிரியைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும். உள்ளே சூட்டைத் தாங்கும் ஃபயர் கிளே கலவைதான் போட வேண்டும்.

அடுப்பின் வாசல் உயரம் குவிமாட உயரத்தில் 63 சதவீதம் என்பது பழைய அனுபவக் கணக்கு. உள்ளே 40 செ.மீ. என்றால் வாசல் 25 செ.மீ. பெரிய பாத்திரம் போக வேண்டுமென்று வாசலை உயர்த்தினால் சூடு முழுவதும் அந்த வழியாகவே போய்விடும்.

ரெடிமேட் ஸ்டீல் அடுப்பு வாங்கிச் சுற்றிலும் கட்டுபவர்கள் பில்லில் 304 கிரேடு (துருவை நன்றாகத் தாங்கும் ஸ்டீல் வகை) என்று எழுதி வாங்குங்கள். காந்தம் வைத்துப் பார்ப்பது உதவாது. மலிவான 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது. கடலோரத்தில் 304-கூடக் கறை பிடிக்கும்.

விறகுக்கு நன்கு காய்ந்த சவுக்கு, கருவேலம், புளி எல்லாம் நல்லவை. பிளைவுட், பெயிண்ட் அடித்த பலகை, பழைய கதவுச் சட்டம் எதுவும் உள்ளே போகக் கூடாது. எரிவாயு என்றால் பர்னருக்குத் தேவையான அழுத்தத்தை முதலில் கேளுங்கள். வீட்டுச் சிலிண்டர் ரெகுலேட்டர் குறைந்த அழுத்தத்தில்தான் வாயுவை விடும், எல்லா பர்னருக்கும் அது பொருந்தாது. அடுப்புக்கு அடியில் உள்ள மாடத்தில் சிலிண்டரை வைத்துக் கதவு போட்டுவிடுகிறார்கள். இது ஆபத்து. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். சிலிண்டர் தள்ளியே வெளியில் இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கம்பளிக்குக் காப்புத் திறன் போய்விடும். ஆகவே மேலே கூரை அவசியம். கட்டி முடித்ததும் மேல்பூச்சுக்கு ஹோஸ் வைத்துத் தண்ணீர் அடிக்கும் வழக்கத்தையும் இங்கே நிறுத்த வேண்டும். ஈரக் கோணி போர்த்தினால் போதும். பிறகு ஒரு வாரம், பத்து நாள் காயவிட்டு, 100, 150 டிகிரி அளவில் சின்னத் தீயாகத் தொடங்கி, ஐந்தாறு நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். முதல் நாளே முழுத் தீ வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் நீராவியாகிச் செங்கலை வெடிக்க வைக்கும். கிரகப்பிரவேசத்தன்று அதில் பீட்சா போட வேண்டுமென்றால், அடுப்பு வேலை அதற்கு மூன்று வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். நாள் குறித்தவுடனே கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள்.